எங்கள் வீட்டுக்குக் கூட்டணி வந்த நாள்

போஸ்டர் ஒட்ட மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் நாற்றம்... தேர்தல் வந்தால் ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலே அப்படித்தான் இருக்கும். அப்பா கட்சியின் கிளைச் செயலாளர். நிலத்தைப் பார்த்த நேரத்தைவிடக் கொடிக்கம்பத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

அறுபதுகளின் கடைசியில் என் அக்கா சரோஜாவுக்குப் பல்லாவரத்தில் மாப்பிள்ளை நிச்சயமானது. தோல் கம்பெனியில் கிளார்க். அக்கா அவரிடம் பேசியது நாலு வார்த்தை இருந்தால் அதிகம். ஆனாலும் அதற்கப்புறம் அவள் முகமே வேறு!

மாப்பிள்ளையின் அப்பா முனுசாமி, எங்கள் கட்சிக்கு ஜென்மப் பகையான கட்சிக்காரர். அது தெரிந்துதான் சம்மதித்தார்கள். வம்பு பத்திரிகை அடிக்கும்போதுதான் வந்தது.

அப்போது எங்கள் பக்கத்துக் கட்சிக் குடும்பங்களில் ஐயர் வைத்துக் கல்யாணம் கிடையாது. கட்சிப் பெரியவர் ஒருவர் தலைமை தாங்கித் தாலி எடுத்துக் கொடுப்பார். எங்கள் மாவட்டச் செயலாளர்தான் தலைமை என்றார் அப்பா. எங்களவர்தான் என்றார் முனுசாமி. இரண்டு பேரையும் போட்டுவிடலாமே என்று மாப்பிள்ளையே வீடு தேடி வந்து கெஞ்சினார்.

"ரெண்டு கட்சிக்காரன் பேரும் ஒண்ணா அச்சடிச்சா, நான் தெருவுல எப்டிப்பா தலைகாட்றது?" என்றார் அப்பா.

கல்யாணம் நின்றது. அடுத்த தை மாதமே மாப்பிள்ளைக்கு வேறு பெண்ணைக் கட்டிவைத்துவிட்டார்கள்.

எழுபதுகளில் ஒரு தேர்தல். நான் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கட்சிக்காரர்கள் புது போஸ்டர் கட்டைப் பிரித்தார்கள். கொட்டை எழுத்தில் 'கூட்டணி'. உடன்பாடு, முன்னணி என்றெல்லாம் அப்பா பேசிக் கேட்டிருக்கிறேன், இந்தச் சொல் எங்கள் வாசலுக்கு வந்தது அன்றுதான். தாம்பரம் பொதுக்கூட்டம். தலைமை, அந்த இரண்டு மாவட்டச் செயலாளர்களும். வரவேற்பு, அப்பாவும் முனுசாமியும்.



அக்கா வந்து நின்று படித்தாள். "கூட்டணின்னா இன்னாப்பா?"

அப்பாவுக்குத் தமிழ் என்றால் உயிர். உற்சாகமாக விளக்கினார். கூட்டு, அணி. அணி என்றால் படைவரிசை. தனித்தனியாக நின்ற படைகள் பொது எதிரியை அடிக்க ஒரே வரிசையில் நிற்பது.

"அப்போ பழைய பகை?"

"அரசியல்ல நிரந்தரப் பகை ஏதும்மா..."

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் பல்லாவரத்துல வாழ்ந்துனு இருப்பேன்பா."

சத்தம் போடவில்லை அவள். உள்ளே போய்விட்டாள்.  அப்படியும் அப்பா கூட்டத்துக்குப் போனார், முனுசாமிக்குப் பொன்னாடையும் போர்த்தினார். பாவி மனுஷன்!

பிறகு வந்த வரன்களையெல்லாம் அக்கா வேண்டாம் என்றாள். அந்தக் கூட்டணியோ அடுத்த தேர்தல்வரைகூடத் தாங்கவில்லை. அப்பா இறந்தபோது முனுசாமி எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு கட்சியும் மறுபடி பகையாம்.

அன்றைக்குக் கட்சிக்காக வீட்டையே எரித்துக்கொண்டார்கள். இன்றைக்குக் காலையில் திட்டிவிட்டு மாலையில் கட்டிப்பிடிக்கிறார்கள், யாருக்கும் வெட்கமில்லை. டிவியில் கொள்கைக் கூட்டணி, தேர்தல் கூட்டணி என்று தினமும் பொழிப்புரை வேறு...

போன வாரம் என் பேத்தி அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். எனக்குத் தெரியும். ஆனால் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.