கீழ என்றால் எந்தப் பக்கம்

என் வீட்டுக்காரர் பூவனலிங்கத்துக்கு சைக்கிளைத் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியாது. கோவில்பட்டி பஜாருக்குப் பக்கத்தில், அடியில் கார் நிறுத்தும் தளமும் அதன் மேல் ஹோட்டலுமாக எழும்புகிற கட்டடத்துக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். பேர்தான் பெரிசு. கம்பி கட்டுகிறவர் முடித்தால்தான் எலக்ட்ரீஷியன் வரணும், அவர் குழாய் பதித்தால்தான் காங்கிரீட் லாரி வரணும். ஆளுக்கு ஆள் முட்டிக்கொள்ளாமல் போனிலேயே வரிசைக்கு விடுவதுதான் வேலை. வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசை மூடிய பிறகு வீட்டில் உட்கார்ந்து என் உயிரை வாங்கிய மனுஷனுக்கு இது சாமி கொடுத்த வேலை. ஆனால் வீட்டிலும் விட மாட்டார். "குக்கர் இறங்கினப்புறந்தான் தோசைக்கல்லு ஏறணும், சுந்தரி" என்பார். கரண்டியாலேயே ஒன்று போடலாமா என்று எனக்கு வரும்.

அன்றைக்கு மதியம் சாப்பிட வந்திருந்தார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். செல்லத்துரையிடமிருந்து போன். கழுகுமலைக்காரர், காங்கிரீட் இறுகும்வரை தளத்தைத் தாங்க அடியில் முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங் ஆட்களுக்குத் தலைவர்.

"அண்ணாச்சி, முட்டுகளை எங்கன பிரிக்க?"

வாய் நிறையச் சோற்றோடு இவர் சொன்னார்: "கீழ பிரிச்சிருப்பா."

எங்கள் பக்கம் கீழ என்றால் கிழக்கும்தான், அடியும்தான். இவர் நினைத்தது கிழக்குப் பாதி. அங்கே காங்கிரீட் நன்றாக இறுகிவிட்டது. செல்லத்துரை எடுத்துக்கொண்டது அடியில் இருக்கிற கார் தளத்தை. மேற்கே புதிதாக ஊற்றிய ஹோட்டல் தளத்தின் பாரமெல்லாம் அடியில் இருந்த முட்டுகளில்தான் நின்றது. அவற்றையும் சேர்த்துப் பிரித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தளம் தொய்ந்து ஒரு மூலை பிளந்து விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. செல்லத்துரைக்கு மட்டும் கை முறிந்தது.

முதலில் எல்லாரும் கரிசல் மண்ணைத்தான் வைதார்கள். பிறகு சென்னையிலிருந்து வந்த என்ஜினீயர் இவரைக் கூப்பிட்டுக் கேட்டார். "கீழப் பக்கம்னு தெளிவாச் சொன்னேன் சார்" என்றாராம். என் முகத்தைப் பார்க்காமல்தான் என்னிடம் இதைச் சொன்னார்.

பக்கம்! கீழப் பக்கம் என்றால் எங்கள் ஊரில் கிழக்கு மட்டுந்தான். அந்த ஒரு சொல்லைப் பிறகு சேர்த்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதா? செல்லத்துரையை வேலையை விட்டு அனுப்பினார்கள். சொன்னதைக் கேட்காதவர் என்று பேர் பரவி, வேறு எந்தக் கட்டடத்துக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இவர் வேலை போய்விடுமே என்று பயம். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு இவர் வாயில் கீழ என்ற சொல்லே வரவில்லை. கீழத்தெருவைக்கூடக் "கிழக்குத் தெரு" என்று ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி சொன்னார். தட்டில் சோறு அப்படியே கிடந்தது. ஒருநாள் தாங்க முடியாமல் கத்திவிட்டேன். "அந்த மனுஷனைப் போய்ப் பாக்காம எப்படிங்க இறங்கும்? எனக்கே இறங்கலை!"

கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு கழுகுமலைக்கு பஸ் ஏறினோம்.

செல்லத்துரையின் மனைவி சீனித்தாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க அண்ணாச்சி. அவியளுக்குக் காது சரியில்ல."

கட்டுப் போட்ட கையோடு செல்லத்துரை சிரித்தார். "நீங்க பக்கம்னு சொன்னது என் காதுல விழவே இல்லையே, அண்ணாச்சி. திருநெல்வேலில போய்க் காதைக் காட்டணும். காது கேக்காதவன் சாரத்துல ஏறலாமா? யாரையாவது கொன்னுருவேன்லா."

அட பாவமே, மனுஷன் தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்! இவர் டம்ளரைக் கீழே வைத்தார். சத்தமாகப் பேசச் சொன்னார்கள் அல்லவா, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"நான் பக்கம்னு சொல்லவே இல்லப்பா! கீழன்னு மட்டுந்தான் சொன்னேன்! சார்கிட்ட பொய் சொல்லிட்டேன்!"

எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சீனித்தாய் இவரையே பார்த்தாள். செல்லத்துரையின் சிரிப்பு போய்விட்டது.

"எதுக்கு இப்படிக் கத்துதீங்க? எனக்கு நல்லாத்தான் கேக்குது, அண்ணாச்சி. இதே சத்தத்துல அங்கன போய்ச் சொல்லுங்க."

கோவில்பட்டியில் இறங்கியதும் இவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, நேரே கட்டடத்துக்கு நடந்தார். நானும் கூடவே போனேன். அன்றைக்கு என் காதில் விழுந்ததை நானும் சொல்ல வேண்டியிருந்தது.