கமலத்தின் முகவரி

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி கமலம் என் இடது புருவத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார். பார்வை கண்ணாடியில் தெரியும் கடை வாசலில் இருக்கிறது. கதவு திறக்கிறது. நூல் நிற்கிறது. வந்தது ஒரு பெண் என்று தெரிந்ததும் மறுபடி ஓடுகிறது. அதுவரை இமையை இழுத்துப் பிடித்திருப்பது என் வேலை.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மாடியில் இருக்கும் இந்த அழகு நிலையத்தில் நான்கு நாற்காலிகள். கடைசி நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "அங்கதான் ஏர்கான் நல்லா வரும்" என்று முதலாளியிடம் சொன்னாராம். அங்கே ஏர்கானிலிருந்து தண்ணீர்தான் சொட்டும்; வாசல் மட்டும் நன்றாகத் தெரியும்.

வேலை முடிந்தால் ஒரு நாள் ரயில், மறுநாள் பேருந்து. வீடு இருக்கும் செங்காங்கில் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடப்பார். "எக்சர்சைஸ் லா, அக்கா." செங்காங் என்று எழுதியிருக்கிறேன், அது செங்காங் இல்லை. பெயரும் கமலம் இல்லை. நான் இதை எழுதுவதற்காக இரண்டையும் அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

முன்னாள் கணவர் அருண்ராஜ் ஜூரோங்கில் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளர். வெளியில் யாரிடமும் குரலை உயர்த்தாதவர். எட்டு ஆண்டு மணவாழ்வில் கமலத்தின் மணிக்கட்டு இரண்டு முறை உடைந்தது. முதல் முறை மருத்துவரிடம், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றார். இரண்டாம் முறையும் அதையே தொடங்கியபோது, பக்கத்தில் நின்ற ஏழு வயது மகள் ரக்ஷனா, "அப்பா தள்ளினாங்க" என்றாள். குளியலறையைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. விவாகரத்தும் ஆனது. மகளைத் தன்னிடம் தரவேண்டும் என்று அருண்ராஜ் கேட்டார். கமலமும் விண்ணப்பிக்கப் போனார். படிவத்தில் முகவரிக்கு ஒரு கட்டம் இருந்தது.

"இத யாரெல்லாம் படிப்பாங்கன்னு கேட்டேன். ஒரு காப்பி அவருக்கும் போகும்னாங்க. பொண்ணு வேணும்னா வீட்டக் காட்டணும், அப்படித்தானே? பேனாவ மூடி வச்சுட்டேன்."

மூன்று வாரம் அந்தப் படிவம் கைப்பையில் சீப்புகளுக்கு அடியில் கிடந்தது. முகவரியை மறைத்துவைக்க நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்று சட்ட உதவியில் கிடைத்த வழக்கறிஞர் நஸீஹா சொன்ன பிறகுதான் அது வெளியே வந்தது.

விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார்: இரண்டு ஆண்டில் மூன்று வீடு, இரண்டு பள்ளி. இது ஒரு குழந்தைக்கு நிலையான வாழ்க்கையா?

கமலத்துக்கு ஆங்கிலம் வரும். அழாமல் பேசத் தமிழ்தான் வேண்டியிருந்தது.

"ஆமா, மூணு வீடு. மொத ரெண்டு வீட்லயும் அவரு லிஃப்ட் பக்கத்துல வந்து நின்னாரு. தேதியெல்லாம் எழுதி வச்சிருக்கேன். மூணாவது வீடு எங்கன்னு அவருக்குத் தெரியாது. அதான் பதினோரு மாசமா ஒரே ஸ்கூல்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் தேதிகள் எழுதிய தாளை மேசைமேல் விரித்து வைத்தாராம்.

சென்ற மாதம் தீர்ப்பு வந்தது. மகள் தாயிடம். தந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு நிலையத்தில், அதிகாரி முன்னிலையில் இரண்டு மணி நேரம் பார்க்கலாம். முகவரி மறைவாகவே இருக்கும்.

"முடிஞ்சது, கமலம்" என்றார் நஸீஹா.

"முடிஞ்சது" என்றார் கமலம். பிறகு கேட்டார்: "கோர்ட்டுக்குப் பின்பக்க வாசல் எங்க இருக்கு?"

அன்று மாலை அவர் வீடுவரை நானும் கூடப் போனேன். வழியில் செருப்புக் கடையில் நுழைந்து, ஆண்கள் வேலைக்குப் போடும் பூட்ஸ் கேட்டார். அளவு என்ன என்றார் கடைக்காரர்.

"பெரிய ஆளு" என்றார் கமலம்.

கமலம் இருக்கும் மாடியில் எல்லா வீட்டு வாசலிலும் செருப்புகள் குவிந்து கிடந்தன. இவர் வாசலில் ஒரு கால்மிதி மட்டும். பூட்ஸை எடுத்துச் சுவரில் தேய்த்தார். பூந்தொட்டி மண்ணைக் கொஞ்சம் அடியில் அப்பினார். கால்மிதிமேல் ஜோடியாக வைத்தார்.

கதவைத் திறந்த ரக்ஷனா, "யாரோடதும்மா?" என்றாள்.

"நம்ம வீட்டோடது."

அவள் உள்ளே போனாள். கமலம் இரண்டடி தள்ளி நின்று பூட்ஸைப் பார்த்தார். வீட்டு ஆண் கழற்றிப் போட்டதாக நம்ப முடியாத அளவுக்கு ரொம்ப ஒழுங்காக இருந்தது போலும். திரும்பி வந்து, வலது பூட்ஸைக் காலால் ஒரு தள்ளு தள்ளிச் சாய்த்துவிட்டார்.