அடுப்புக்குக் காவல் நின்ற அப்பாவும் மகளும்

என் கணவர் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவர். காலையில் பைக்கில் வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவார். பைக் எங்கே என்று கேட்டால், "எந்த பைக்?" என்பார். இப்பேர்ப்பட்ட மனிதர்தான், எங்கள் மகளைப் பற்றி அவள் டீச்சர் சொல்லியனுப்பியதைக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஒரு வியாதியா? நானும் சின்னதுல இப்படித்தான் இருந்தேன். இப்ப நல்லாத்தான இருக்கேன்" என்றார். அப்போது அவர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார்.

டீச்சர் தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை. மகள் நாலாம் வகுப்பு. பதில் தெரிகிறது, ஆனால் கேள்வி முடியும்வரை பொறுக்க முடியவில்லை. பாதிக் கணக்கில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுகிறாள். தண்ணீர் பாட்டில், ரப்பர், ஒற்றைக் காலுறை என்று எதையாவது தொலைத்துக்கொண்டே இருக்கிறாள். திட்டினால் தீருகிற விஷயமாகத் தெரியவில்லை, ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. இவர்தான் மசியவில்லை. பிள்ளைக்கு மூளையில் கோளாறு என்று முத்திரை குத்திவிடுவார்களாம், ஊர் பேசுமாம். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனில் விசாரித்தேன். தாய் தகப்பன் இரண்டு பேரும் வந்தால்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார்.

இதற்குள் மகள் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தாள். வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால், "எனக்கு வராதும்மா, நான் மக்குல்லா" என்பாள். அழுதுகொண்டு சொன்னாலாவது தேற்றலாம். மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வாள்.

அந்தச் சமயத்தில் அம்பாசமுத்திரத்தில் இவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு மறுவீட்டுச் சாப்பாடு. எங்கள் ஆட்களுக்கு மறுவீடு என்றால் சொதிதான். சொதி இல்லாமல் இலை போட்டால் சம்பந்தி வீட்டார் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். தேங்காயைப் பிழிந்து மூன்று பால் எடுத்து, இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் காயை வேகவிட்டு, கடைசியில் தலைப்பாலை ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகு கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். விட்டால் திரிந்துபோகும்.

அன்றைக்குச் சொன்னதைவிட அதிகமாக ஆட்கள் வந்துவிட்டார்கள். சமையல்காரர் வைத்த சொதி காலி. பெண்ணுக்கு அம்மாவான என் நாத்தனார் அவசரமாகப் பின்வாசலில் தனியாக ஒரு பாத்திரத்தில் சொதி வைத்துத் தலைப்பாலையும் ஊற்றினாள். அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். கை சும்மா இருந்த ஒரே ஆள் இவர். நுரை கட்டுனா அணைச்சிரு என்று சொல்லிவிட்டு ஓடினாள். எனக்குத் தெரியாதா இவரை? நான் முன்யோசனையோடு மகளைக் கூப்பிட்டு, அப்பா அங்கன இங்கன நகர்ந்தால் என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று காவலுக்குக் காவலாக நிறுத்திவிட்டுப் பரிமாறப் போனேன். என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல!

திரும்பி வந்து பார்த்தால் அடுப்படியில் ஒருவரும் இல்லை. சொதி தளதளவென்று கொதித்து, திப்பி வேறு தண்ணீர் வேறாக நின்றது. காவலர்கள் இரண்டு பேரும் கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் படியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். இவர் ஏதோ ஒரு செடியின் இலையைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகில் இருந்த புள்ளிகளைக் காட்ட, அவள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட பெஞ்சில் ஒரு நிமிஷம் தரிக்காத பிள்ளை, காலில் எறும்பு ஏறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பின்னாலேயே வந்த நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. பந்தியில் ஆள் காத்திருக்கிறதே!

"ஏலே, ஒரு அடுப்ப அணைக்கத் துப்பில்லயா ஒனக்கு? சின்னதுல அந்தச் சாத்து சாத்தியும் திருந்தலயே. இதுல ஒன்ன மாதிரியே ஒரு மக்கப் பெத்து வேற வச்சிருக்க."

மனசில் வஞ்சம் வைத்துப் பேசுகிறவள் இல்லை. சாயங்காலமே தம்பிக்கு டப்பாவில் பலகாரம் கட்டிக் கொடுப்பாள். இவரும் வழக்கம்போல ஈ என்று இளித்துக்கொண்டு நின்றார். யார் திட்டினாலும் இளிப்பார். கல்யாணமான நாள் முதல் எனக்கு எரிச்சல் மூட்டுகிற இளிப்பு அது.

மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில் பளிச்சென்று தெரிந்தது.

"அப்பா, நீங்களும் மக்காப்பா?"

இளிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு ராத்திரியே திருநெல்வேலிக்குத் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்ததும், அந்த டாக்டரிடம் என்றைக்குப் போகலாம் என்று கேட்டார்.

டாக்டரம்மா மகளை விளையாடவிட்டுப் பார்த்தார், எங்களை நிறையக் கேள்விகள் கேட்டார், பள்ளிக்கூடத்திலும் விசாரித்தார். அடுத்த தடவை போனபோது விளக்கினார். பொறு, முதலில் இது, அப்புறம் அது என்று சொல்கிற வேலை மூளையின் முன்பக்கத்தில் நடக்கிறதாம். சில பிள்ளைகளுக்கு அந்தப் பகுதி முதிரக் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகுமாம். கவனமே இல்லை என்று அர்த்தமில்லை, சொன்ன இடத்துக்குப் போகாமல் பிடித்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வளர்ப்பினால் வருவதில்லை, பெரும்பாலும் குடும்ப வழியில் வரும் என்றார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பெரியவர்களானால் சரியாகிவிடுமா என்று, யாரோ நண்பருக்காக விசாரிக்கிற மாதிரி கேட்டார். சிலருக்குக் குறையும், பலருக்குக் கூடவே வரும் என்றார் டாக்டரம்மா. காலில் இருந்த ஓட்டம் அடங்கி, தலைக்குள் ஓடும். மறதி, பாதியில் விட்ட வேலை, வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டு எல்லாம் சேர்ந்து, நான் எதற்கும் லாயக்கில்லை என்று அவர்களே நம்பிவிடுவார்கள் என்றார்.

பிறகு மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, மோவாயைப் பிடித்துச் சொன்னார்.

"நீ மக்கு இல்லம்மா. ஒன் மூளை வேற மாதிரி வேலை செய்யுது. ஒன் மேல ஒரு தப்பும் கிடையாது."

மகள் சரி என்று தலையாட்டிவிட்டு, அந்தச் சுழல் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"டாக்டர், இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுதீங்களா?" என்றார் இவர்.

போச்சு, இவ்வளவு முக்கியமான இடத்திலும் மனுஷன் எங்கேயோ பராக்குப் பார்த்துவிட்டார் என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. கவனிக்கவில்லையா சார் என்று டாக்டரம்மாவும் கேட்டார்.

"கவனிச்சேன்" என்றார். "எங்கிட்ட யாரும் இத சொன்னதில்ல."

டாக்டரம்மா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து முதலிலிருந்து திரும்பச் சொன்னார்.