மீரான் வீட்டு மாத்திரை

மருந்துக்கடைக்காரன் வீட்டில் மருந்து இல்லாமல் போகுமா என்று கேட்பீர்கள். போனது, சகோதரர்களே. ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மழையில் எங்கள் ஜெகதாப்பட்டினத்தில் டைபாய்டு பரவியது. அதற்கான மாத்திரை அப்போது புதிது. திருச்சி மொத்தக் கடையிலேயே கிடைக்கவில்லை. இருந்ததையெல்லாம் அந்தக் காய்ச்சலில் கிடந்த மீரான் என்ற மீனவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் என் மனைவி ஜுலைகா அதே காய்ச்சலில் படுத்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, மாத்திரை எங்கே என்று என்னிடமே கேட்டார்.

கடைக்கு வந்தவர்களும் நம்பவில்லை. "ஒங்க வீட்டுக்குன்னு ஒளிச்சு வச்சிருப்பீங்கண்ணே" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். திருச்சிக்குச் சொல்லிவிட்ட மருந்துக்காக பஸ் வரும்போதெல்லாம் ஓடினேன். பார்சல் இல்லை. ஜுலைகா பிதற்ற ஆரம்பித்தாள், என்னையே அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் மீரான் மவுத்தானார். ஜனாஸா என்னும் இறுதித் தொழுகையில் நின்றபோது எனக்கு ஒரே நினைப்புதான். மருந்து சாப்பிட்டவரே போய்விட்டார், மருந்தில்லாத இவள் என்ன ஆவாள்? எங்கள் கரையில் இறந்தவரின் பாயையும் மருந்தையும் கடலில் விட்டுவிடுவார்கள். மிச்ச மாத்திரையும் போயிருக்கும் என்று நினைத்தேன். துக்க வீட்டில் கேட்க நாக்கும் எழவில்லை.

மறுநாள் மாலை அஸர் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்த சஜ்தாவிலிருந்து தலை தூக்க முடியாமல் அழுதேன். "யா அல்லாஹ், என் கையில் ஒன்றுமில்லை. அவளை எனக்குத் தா."

திரும்பி வந்தால் கடை வாசலில் மீரானின் மச்சான், அவர் மனைவியின் அண்ணன். கையில் சின்னப் பொட்டலம்.

"தங்கச்சி புருசன் போன இத்தாவுல இருக்குண்ணே, வெளிய வரக்கூடாது. கடல்ல போடப் போன என்னைத் தடுத்துருச்சு. கடையில குடு, யாராச்சும் இது இல்லாம தவிப்பாங்கன்னுச்சு."

ஜுலைகா கிடப்பது அவர்களுக்குத் தெரியாது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வீட்டில் மாமியார் மறித்தார். "மவுத்தானவரு மருந்து வேணாம் மாப்ளே, பயமாருக்கு." எனக்கும் அதே பயம். பிஸ்மில்லாஹ் சொல்லி ஜுலைகா வாயில் போட்டேன். ஒவ்வொரு வேளையும் பயந்துகொண்டேதான் கொடுத்தேன். அது தீர்வதற்குள் திருச்சிப் பார்சல் வந்தது. ஒரு காலையில் அவள் என்னைப் பார்த்து, "கஞ்சி இருக்கா?" என்றாள்.

பயம் போன பிறகு துஆ கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பயந்தபடியே கையேந்துங்கள், அவன் கேட்கிறான். எந்த வீட்டு வழியாகத் தருவான் என்பது நமக்குத் தெரியாது. அன்றிலிருந்து என் துஆவில் மீரானுக்கும் அவர் மனைவிக்கும் கேட்ட பிறகுதான், என் வீட்டுக்குக் கேட்கிறேன்.