செருப்புக் கிளி

என் மேசை இழுப்பறையில் பழைய செருப்பின் அடியிலிருந்து வெட்டிய ஒரு ரப்பர் துண்டு இருக்கிறது. அதில் ஒரு கிளியைச் செதுக்கி, பின்னால் மரத்துண்டு ஒட்டியிருக்கிறேன். பெயிண்ட் தொட்டுத் துணியில் அழுத்தினால் கிளி பதியும். ஆந்திர எல்லையிலுள்ள நகரி ஊரில் எங்கள் வீட்டு முன்னறையில் நானும் அண்ணியும் தலையணை உறைகளில் பதித்து விற்ற கிளி இது. செதுக்குவது நான், பதிப்பது அண்ணி. ஒரே அழுத்து, நேராக ஒரு தூக்கு. அவர் கையில் ஒரு கிளிகூடக் கலங்கியதில்லை.

சந்தேகம் என்கூடப் பிறந்தது. பால் பாக்கெட்டையே தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். அண்ணி செவ்வாய்க்கிழமைதோறும் புத்தூருக்குப் போவார், இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த அவர் அம்மாவைப் பார்க்க. அந்த நாட்களில் அச்சுப் பெட்டியில் கிளி மட்டும் இல்லாததைக் கவனித்தேன். ஒருமுறை திரும்பி வந்தவரின் நகக்கண்ணில் பச்சை பெயிண்ட். அந்த வாரம் முழுக்க நாங்கள் சிவப்பில்தான் பதித்துக்கொண்டிருந்தோம். அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன். அவர் போன் பேசினால் காதைத் தீட்டிக்கொள்வேன். பேச்சை முடித்தால், ஏன் முடித்தார் என்று யோசிப்பேன்.

பிறகு திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை வாசலில் எங்கள் கிளி தொங்கியது. அதே வால், அதே வளைந்த மூக்கு. எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "புத்தூர் சைடு நுஞ்சி வஸ்துந்தம்மா" என்றார் கடைக்காரர். புத்தூர்ப் பக்கமிருந்து வருகிறதாம். வேறென்ன வேண்டும் எனக்கு? ஓர் உறையை வாங்கி வந்து அண்ணியின் முன்னால் போட்டேன்.

"நம்ம அச்ச யார்ட்ட குடுத்தீங்க அண்ணி?"

அண்ணி உறையை விரித்து வெகுநேரம் பார்த்தார். "எங்கம்மா நாளெல்லாம் செவுத்தயே பாத்துக்கினு படுத்துக்கினு கீது. அந்த செவுத்துல கிளி பதிச்சி குட்த்துக்கினு வந்தேன். அவ்ளோதான்" என்றார். நான் நம்பவில்லை. நல்ல கதை என்று சிரித்தேன். அன்று கழுவி வைத்த அச்சை அவர் அதற்குப் பிறகு தொடவேயில்லை. ஜாக்கெட் தைக்க உட்கார்ந்துவிட்டார். ஒரே வீட்டில், சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லாமல் நான்கு வருடம் போயிற்று. நான் தனியாகப் பதித்த கிளிகள் எல்லாம் கலங்கின.

போன மாதம் பீரோவை ஒழிக்கும்போது அந்த உறை கிடைத்தது. எங்கள் உறை ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன். எங்கள் கிளி வலப்பக்கம் பார்த்தது, அது இடப்பக்கம். அச்சு இடம் வலம் மாறித்தான் விழும். அதனால் நான் எதையும் திருப்பித்தான் செதுக்குவேன். எங்கள் அச்சை யாராவது வாங்கிப் பதித்திருந்தால் அந்தக் கிளியும் வலப்பக்கம்தான் பார்த்திருக்கும். நாங்கள் விற்ற துணியைப் பார்த்து, திருப்பத் தெரியாத யாரோ அப்படியே செதுக்கியிருக்கிறார்கள். அச்சு வெட்டுகிற எனக்கு இது கடை வாசலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு உறைகளையும் அச்சையும் எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். அவர் தையலை நிறுத்தவில்லை.

"அன்னிக்கே பாத்தேன். நீயே பாப்பேன்னு இருந்தேன்" என்றார். "நீ கிளிய பாக்கல. என்னியே பாத்துக்கினு இருந்த."

மன்னிப்புக் கேட்டேன். "சரி, வுடு" என்றார். உண்மையிலேயே விட்டுவிட்டாரா என்று இன்றும் அவர் முகத்தை ஆராய்கிறேன், என் புத்தி அப்படி. அச்சை மட்டும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அது என் இழுப்பறைக்கே திரும்பி வந்தது. அதன் விளிம்பில் பச்சை இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அண்ணியின் அம்மா இப்போது இல்லை. அந்தப் புத்தூர் வீட்டையும் இடித்துவிட்டார்கள். பால் பாக்கெட்டைக்கூடத் தூக்கிப் பார்க்கிற நான், அரைமணி பஸ் தூரத்தில் இருந்த அந்தச் சுவரை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.