‘விசேஷமாக’ என்ற சொல்லுக்குச் சோணையம்மாள் சொன்ன பொருள்

“திருமதி எஸ்தர் சோணையம்மாள், வயது 54, உறுப்பினர் எண் 87, குடும்பத் தலைவி. சர்வ இரட்சிப்பு என்னும் தவறான உபதேசத்தை ஏற்று, அதைச் சபையாரிடையே திட்டமிட்டுப் பரப்பியவர். ஆகையால் பெண்கள் ஐக்கியத்தின் துணைத்தலைவி பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.”

காரைக்குடியில் நூற்றிருபது குடும்பங்கள் கொண்ட ஒரு சிறிய சபையின் கமிட்டி, சென்ற ஆண்டு ஆகஸ்டில் நிறைவேற்றிய தீர்மானம் இது. இதில் வயது சரி. உறுப்பினர் எண்ணும் சரி. எஸ்தர் என்ற பெயரால் அவரை யாரும் அழைத்ததில்லை. ஞானஸ்நானம் கொடுத்த பழைய ஆயரே, தண்ணீர் காய்வதற்குள் “சோணையம்மா, தலையைத் துவட்டு” என்றுதான் சொன்னார். குடும்பத் தலைவி என்பதும் பொருந்தாது. சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று எது நடந்தாலும், பதினான்கு பெண்களை அழைத்துக்கொண்டு விடியுமுன் வேன் ஏறி, பந்தி பரிமாறும் வேலை அவருடையது. கூடத்தை ஒரு பார்வை பார்த்தால் எத்தனை இலை விழும் என்று சொல்லிவிடுவார். அவர் திட்டமிடுவது சாம்பாருக்குப் பின் ரசம் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை மட்டுமே.

எஞ்சியிருப்பது உபதேசம். இறுதியில் கடவுள் ஒருவரையும் கைவிடமாட்டார், நரகத்துக்கும் ஒரு முடிவு உண்டு, எல்லோரும் கரையேறுவார்கள் என்பதே சர்வ இரட்சிப்பு. இதை நம்பியதாகத் தண்டிக்கப்பட்ட இந்த அம்மாள் மன்னிப்பதில் பெயர் எடுத்தவர் அல்லர். இலையில் பாயசத்தைச் சிந்திய ஒரு பெண்ணை மூன்று முகூர்த்தங்களுக்கு வேலைக்கு அழைக்கவில்லை. சொந்த நாத்தனார் ரேணுகாவோடு பேசி அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது. அவரைத் தண்டிக்கும் தீர்மானத்தில் கையெழுத்திட்ட ஆயர் ஞானசிகாமணியோ, நித்திய நரகம் உண்டு என்று மாதம் ஒரு முறையாவது பிரசங்கிப்பவர். ஆனால் ஆராதனையின் நடுவே உள்ளே வந்து படுக்கும் தெருநாயைக்கூட எழுப்ப மனம் வராமல் சுற்றிக்கொண்டு நடப்பவர்.

சோணையம்மாள் கிறிஸ்தவரானது முப்பத்திரண்டு வயதில். தீராத தலைவலி ஒன்று ஜெபத்தில் தீர்ந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த கண்ணாடியைப் போட ஆரம்பித்ததும் அதே வாரம்தான். இரண்டில் எது தீர்த்தது என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. கண்ணாடியைக் கழற்றியதும் இல்லை.

கணவர் மலையாண்டி மதம் மாறவில்லை. ஆத்தங்குடியில் தரைக்கல் அச்சில் சாயம் ஊற்றும் வேலை. ஞாயிறுதோறும் மனைவியை மொபெட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சபைக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். “உள்ள வாங்களேன்” என்று யாராவது அழைத்தால், “இங்குட்டே நல்லாக் கேக்குது” என்பார். பத்தொன்பது வருடம் அப்படிக் கேட்டார். பாட்டுகள் பல அவருக்கு மனப்பாடம். ஞானஸ்நானம் மட்டும் பெறவில்லை, கேட்டால், “எங்க குலசாமி கோவிச்சுக்கும். அதுக்கு என்னய விட்டா ஆளு இல்ல” என்று சொல்லிவிடுவார். தீர்மானத்துக்கு மூன்று வருடம் முன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதுதான் சிக்கல். சென்ற ஆண்டு மே மாதம் சபையில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் நரகத்தைப் படம் போட்டு விளக்கினார். திரையில் தீ எரிந்தது. விசுவாசியாமல் இறந்தவர்களுக்கு அங்கிருந்து வெளியே வர வழியே இல்லை என்று அவர் முடித்து, ஜெபத்துக்குத் தலை குனியச் சொன்னபோது, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“எங்க வீட்டுக்காரரு எங்குட்டு இருக்காரு?”

பிரசங்கியாருக்கு விஷயம் தெரியாது. “ஞானஸ்நானம் எடுத்தவரா, அம்மா?” என்றார்.

“இல்ல.”

பிரசங்கியார் திரையைப் பார்த்தார். தீ இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கத் தெரிந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

அடுத்த ஞாயிறு சோணையம்மாள் சபைக்கு வந்தார், உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில், மலையாண்டி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஐந்தாவது ஞாயிறு ஆயர் ஆராதனையை முடித்துவிட்டு, அங்கியோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“உள்ள வாங்கம்மா. இப்படி வெயில்ல உக்காந்திருந்தா எனக்குப் பிரசங்கமே ஓட மாட்டேங்குது.”

“அந்த மனுசன வெளிய நிப்பாட்டுற வீடுன்னா, எனக்கும் உள்ள சோலி இல்ல, ஐயா. இருபத்திரண்டு வருசமாக் கும்பிட்டாச்சு. இதோட விட்டுப்புடலாமான்னு பாக்குறேன்.”

ஆயர் பயந்துபோனார். இறையியல் கல்லூரியில் படித்தபோது, எல்லோருக்கும் இரட்சிப்பு உண்டா என்ற கேள்விக்குப் பதினெட்டுப் பக்கம் எழுதியவர் அவர். ஆதிச் சபையின் கிரேக்க அறிஞர்கள் சிலர் ‘உண்டு’ என்று நம்பியது அவருக்குத் தெரியும். அவரும் உள்ளுக்குள் கொஞ்சம் ஆசைப்பட்டவர்தான். அந்த ஆசையை நாற்பது வயதில் பிரசங்க மேடையில் ஏற்றுவதற்கு மட்டும் தைரியம் இல்லை. எனவே பைபிளைத் திறந்து, தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய நிருபத்தில் ஒரு வசனத்தைத் தணிந்த குரலில் வாசித்துக் காட்டினார். கடவுள் எல்லா மனிதருக்கும் இரட்சகர் என்றும், ‘விசேஷமாக’ விசுவாசிகளுக்கு என்றும் வருகிற வசனம்.

சோணையம்மாள் நிமிர்ந்தார். “இன்னொருக்க வாசிங்க.”

வாசித்தார்.

“விசேஷம்னு போட்டிருக்கா?”

“விசேஷமாக-ன்னு போட்டிருக்கு. அதாவது...”

“அதாவது என்ன அதாவது? விசேஷ வீடு தெரியாதா எனக்கு? முப்பது வருசமா அங்கதான கெடக்கேன். விசேஷம்னா வந்தவுக எல்லாருக்கும் இலை. பங்காளிக்கு முதப் பந்தி, மத்தவுகளுக்கு அடுத்த பந்தி. பத்திரிகை வாங்காதவன் வந்து உக்காந்தாலும் எந்திரின்னு சொல்ல முடியுமா? சொன்னா வீட்டுக்காரவுகளுக்குத்தான் கேவலம்.”

“அம்மா, அந்த இடத்துல விசேஷமாக-ன்னா ‘முக்கியமா, அதிலயும்’னு அர்த்தம். வீட்டு விசேஷம் இல்ல.”

“அதத்தான் நானும் சொல்றேன். முதப் பந்தி முக்கியந்தான். அதுக்காக ரெண்டாம் பந்திய வெளிய நிக்கவச்சுக் கதவச் சாத்துறதா? எங்க வீட்டுக்காரரு ரெண்டாம் பந்தி. அம்புட்டுத்தான்.”

சொல்லிவிட்டு எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த வேப்பம்பூவைத் தட்டிவிட்டு, காலியாகக் கிடந்த சபைக்குள் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஆராதனை முடிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. அதை அவரிடம் சொல்ல ஆயருக்கு மனம் வரவில்லை.

பெரிய அறிஞர்கள் கிரேக்க மூலத்தைப் புரட்டிச் சண்டை போட்ட அதே சொல்லில், பிழையாகப் படித்தே இவர் அவர்களில் பாதிப் பேருடைய முடிவுக்கு வந்து சேர்ந்துவிட்டார். வந்து சேர்ந்ததை மறைக்கவும் இல்லை. மறு ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, பரலோகத்தில் எத்தனை பந்தி நடக்கும், யார் எதில் உட்காருவார்கள் என்றெல்லாம் விரிவாகச் சொன்னார். விதவைகள் இருவர் அழுதார்கள். இந்துக்களைக் கணவராகக் கொண்ட நான்கு பெண்களின் முகம் தெளிந்தது. கமிட்டிச் செயலாளர் சாமுவேல் பொன்னுத்துரை மட்டும் பேனாவை எடுத்தார்.

அவர் கவலையும் நியாயமானதே. “எல்லாரும் எப்படியும் போயிருவாங்கன்னா, நாப்பது வருசமா நான் எதுக்கு அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஜெபம் பண்றேன்?” என்று கமிட்டியில் கேட்டார். தீர்மானம் நிறைவேறியது.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை ஆயருக்கு. சோணையம்மாள் தன் வீட்டு வாசலில் வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை வாசிக்கக் கேட்டு, “திட்டமிட்டுன்னா?” என்றார்.

“யோசிச்சு, வேணும்னே செய்யிறது.”

“நல்லாருக்கு. எனக்கு யோசிக்க எங்க நேரம்?”

ஆயர் சிரித்தார். பிறகு, கையெழுத்துப் போட்ட குற்ற உணர்ச்சியில், தன் பக்கத்து நியாயத்துக்கு ஒன்றாவது சொல்லி வைப்போம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

“நீங்க சொல்ற மாதிரியே வச்சுக்குவோம்மா. எல்லாருக்கும் இலை. அப்ப உங்க நாத்தனாருக்கும் உண்டுல்ல?”

வெற்றிலை துடைத்த கை நின்றது.

ரேணுகா விவகாரம் ஊரறிந்தது. மலையாண்டியின் ஒரே தங்கை, நாச்சியாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர். பதினோரு வருடத்துக்கு முன் மகளின் சடங்குக்கு, தாய்மாமனான மலையாண்டியைப் போனில் அழைத்தார். “மதினிதான் ஏசு வேதத்துக்குப் போயிட்டாகளே, இதுக்கெல்லாம் வருவாகளா” என்று நினைத்துச் சோணையம்மாளை அழைக்கவே இல்லை. நேரில் வந்து குங்குமம் கொடுத்து அழைக்க வேண்டிய தாய்மாமன் வீட்டுக்குப் போனில் சேதி! மலையாண்டி சீர்த்தட்டோடு தனியாகப் போய்வந்தார். அவர் இறந்தபோது ரேணுகா வந்தார். சாவுக்கு யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. ஒரே உடலுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக அழுதார்கள். பேசிக்கொள்ளவில்லை.

“அவ எதுக்கு அங்க?” என்றார் சோணையம்மாள்.

“எல்லாரும்னு நீங்கதான் சொன்னீக.”

“எல்லாரும்னா எல்லாருமா?”

“எனக்கு அது தெரியாதும்மா. எனக்குத் தெரியாதுன்னுதான் நான் நரகத்தப் பத்தியே பேசிக்கிட்டிருக்கேன். தெரியும்னு சொன்னது நீங்க.” ஆயர் எழுந்தார். “அவுகளுக்கு இலை இல்லன்னா, மலையாண்டி அண்ணனுக்கு மட்டும் எப்படிப் போடுவாக? ரெண்டு பேருக்கும் பொறந்த வீட்டுக் குலசாமி ஒண்ணுதான.”

இது ஆயர் கல்லூரியில் எழுதிய பதினெட்டுப் பக்கத்தில் இல்லாத வாதம். நரகத்தில் யார் இருப்பார்கள் என்பதைப் பற்றியே அந்தப் பக்கங்கள் கவலைப்பட்டிருந்தன. பரலோகத்தில் பக்கத்து இலையில் யார் உட்காருவார் என்பதை அவை யோசிக்கவில்லை. ஆயருக்கே அது வாசலைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. சோணையம்மாள் அன்று வெற்றிலையை அப்படியே போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அவர் சும்மா உட்கார்ந்து அவர்கள் பார்த்ததில்லை.

செப்டம்பர் கடைசி ஞாயிறு சபையின் அன்பின் விருந்து. நானூறு இலை. பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டவரைத் தவிர இதை நடத்த ஆளில்லை என்பது கமிட்டிக்குத் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது. சாமுவேல் பொன்னுத்துரையே நேரில் போய்க் கேட்டார். “பொறுப்பு வேண்டாம், பரிமாறிட்டு மட்டும் போங்க” என்றார். சோணையம்மாள் ஒப்புக்கொண்டார். தனக்கு ஓர் ஆளை அழைக்க உரிமை வேண்டும் என்று மட்டும் கேட்டார். செயலாளர், ஆள் யார் என்று விசாரிக்காமல் தலையாட்டினார்.

வியாழக்கிழமை காலை, நாச்சியாபுரத்தில் தன் வீட்டு வாசலைத் தெளித்துக்கொண்டிருந்த ரேணுகா, எதிரே வந்து நின்ற ஆளைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தார்.

“வாங்க மதினி.”

“ஞாயித்துக்கெழம எங்க கோயில்ல விருந்து. அழைக்க வந்தேன். போன்ல அழைக்கல, பாத்துக்க. நேர்ல.”

ரேணுகாவுக்குக் குத்தல் புரிந்தது. “நான் வந்து ஒங்க சாமியக் கும்பிட மாட்டேன்.”

“ஒன்னய யாரு கும்பிடச் சொன்னா? சாப்பிடத்தான் கூப்பிட்டேன். ஒங்க அண்ணனும் கும்பிட மாட்டேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு, பத்தொன்பது வருசமா.”

“காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

“சீனி கம்மியாப் போடு.”

கமிட்டியின் தீர்மானம் இன்றும் பதிவேட்டில் இருக்கிறது. அந்த ஞாயிறு நடந்தது பதிவாகவில்லை. சோணையம்மாள் ரேணுகாவை முதல் பந்தியில், செயலாளருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் கையால் இலை போட்டுப் பரிமாறினார்.