பதிலுக்குப் பொறுத்தவர்

1. பதவி உயர்வுப் பட்டியலில், கொழும்பு அரசாங்கக் கந்தோர்க் கிளை ஒன்றில் எழுத்துவேலை பார்த்த லிகிதரிடம் வேலை பழகிய இருவரின் பெயர்கள் இருந்தன, அவருடைய பெயர் இல்லை. அந்தக் கிளையில் தமிழர் அவர் ஒருவர்தான்.
2. காரணம் கேட்டு மேலதிகாரிக்குக் கடிதம் கொடுத்தார்.
3. பதில் வரும் என்று ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், பொறுத்தார்.

அதன் பிறகுதான், நான் கணினி வேலை பார்த்த வெள்ளவத்தைச் சட்டத்தரணியிடம் வந்தார். கொட்டாஞ்சேனைக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. எந்தக் கடதாசியைக் கையில் எடுத்தாலும் மூலையில் பென்சிலால் அன்றைய திகதியைக் குறிப்பார்.

அடிப்படை உரிமை மனுவைப் பட்டியல் வந்து ஒரு மாதத்துக்குள் போட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சட்டத்தரணி நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். லிகிதர் என் மேசைப் பக்கம் திரும்பினார்.

“பதில் வராமல் எப்பிடி, மகள், மேலிடத்துக்குப் போறது? முப்பது வருசமா நான் ஆக்களைத் திருப்பி அனுப்பினது அப்பிடிச் சொல்லித்தானே.”

“சட்டம் அதைப் பாக்காது, அங்கிள்.”

“அப்ப பதில் போட மேலதிகாரிமாருக்கு எத்தினை நாள்?”

“அவைக்குக் கெடு இல்லை.”

“கெடு இல்லாத அந்தப் பதவியைத்தானே நானும் கேட்டனான்,” என்றார்.

மனு போடப்படவில்லை. கடிதத்துக்குப் பதிலும் வரவில்லை. அந்த இருவரில் ஒருவர்தான் இப்போது அவருடைய லீவுக் கடிதங்களில் கையெழுத்து வைக்கிறாராம்.